துள்ளாத பேட்டரிகள்

தேகு நகரத்தின் ஆற்றோர வார்டு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மேசை போடுவார்கள். தீர்ந்துபோன பேட்டரி இருபது கொடுத்தால் புதியது இரண்டு கிடைக்கும். மேசையில் உட்கார்ந்து வாங்கிப் போடுபவர் மியோங்ரான். கணவரை இழந்து பத்து வருடம் ஆகிறது. கலகலவென்று சிரிப்பார்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தேக்சுவும் தனியாள்தான். அந்தச் சிரிப்பைக் கேட்ட நாளிலிருந்து, மூன்று மாதமாக ஒரு வெள்ளியும் அவர் தவறவில்லை. வீட்டில் கிடந்த பழைய பேட்டரி முதல் வாரமே காலி. பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கினார். அதுவும் வற்றியதும், மனுஷன் கடையில் புதுசு இருபது வாங்கி, உறையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார். இத்தனை செய்தவருக்கு, சாப்பிடக் கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

இன்று கூப்பிட்டே ஆகவேண்டும். திங்கள் முதல் மியோங்ரானுக்கு ஊரின் மறுகோடியில் வேலை.

மியோங்ரான் வழக்கம்போல தேக்சு கொடுத்த பையிலிருந்து ஒவ்வொரு பேட்டரியாகத் தூக்கி, மேசைமேல் விரலளவு உயரத்திலிருந்து விட்டார். டக். டக். எண்ணுவதற்காக அப்படிச் செய்கிறார் என்றே தேக்சு இதுநாள்வரை நினைத்திருந்தார்.

பின்னால் நின்ற காய்கறிக்கடை போங்சூனுக்குப் பொறுக்கவில்லை. "தீந்த பேட்டரின்னா துள்ளி விழும்ணே. உங்களோடது ஒண்ணுகூடத் துள்ளலையே?"

வரிசையே சிரித்தது. தேக்சுவின் காது சிவந்துபோனது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எல்லாம் புதுசுதாங்க," என்றார் மியோங்ரானிடம். "உங்களப் பாக்க வேற வழி தெரியல. நாளைக்கு மத்தியானம் என்கூட குளிர் நூடுல்ஸ் சாப்பிட வரீங்களா?"

மியோங்ரான் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து வைத்தார். மேலே 'தேக்சு' என்று எழுதியிருந்தது. உள்ளே அவர் வாராவாரம் கொடுத்த புது பேட்டரி அத்தனையும்.

"எத்தன வாரமா எடுத்து வச்சிருக்கேன் தெரியுமா? நல்லதக் கொண்டுபோய் அழிக்க மனசு வரல. இன்னிக்காவது வாயத் திறப்பீங்களா மாட்டீங்களான்னு பயந்தே போயிட்டேன்," என்று சொல்லிச் சிரித்தார். "பன்னெண்டு மணிக்கு வாங்க. பசியோட வருவேன்."