இரண்டு ஊர் வெற்றிலை

வழக்கில் கிடக்கும் ஏரி என்றால் வேதாசலத்துக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரி மீனைக் குத்தகை எடுக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களெல்லாம் வில்லங்கமில்லாத ஏரியாகப் பார்த்து ஏலம் கேட்பார்கள். போட்டியில் விலையை ஏற்றிவிட்டு அப்புறம் கையைப் பிசைவார்கள். வேதாசலம் அந்தத் திசைக்கே போகமாட்டார். இரண்டு ஊருக்கு நடுவில் ஓர் ஏரி, ‘மீன் எங்களுக்குத்தான்’ என்று இரண்டு ஊரும் மல்லுக்கு நிற்கிறது என்று காதில் விழுந்தால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

அவர் கையாண்ட வழி ரொம்ப எளிது. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்து ஓர் ஊர்ப் பெரியவரிடம் நீட்டுவார். அதே மாதிரி இன்னொரு தாம்பாளம் அடுத்த ஊருக்கு. இருவரும் வெற்றிலையை எடுத்துக்கொண்டால் குத்தகை முடிந்த மாதிரி. முதல் நாள் வலையில் விழுகிற மீனை இரண்டு ஊர்க் கோயிலுக்கும் சரிபாதியாகக் கொடுத்துவிடுவார். மிச்ச நாள் மீனெல்லாம் அவருக்கு. ஓர் ஊர் வெற்றிலையை எடுக்கவில்லையென்றால் வலை தண்ணீரில் இறங்காது. அதில் அவர் கண்டிப்பு. வம்புள்ள ஏரிக்குப் போட்டி கிடையாது, அதனால் விலையும் கிடையாது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறிக் குழியில் கால் வைக்காத மனிதர், இந்த ஒரு சாமர்த்தியத்தில் வீடு கட்டினார், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார்.

அது எழுபத்துநாலாம் வருஷம், மாசி மாதம். சாலவாக்கத்துக்கு அந்தப்புறம் எடையம்பேட்டைக்கும் கொளத்தாஞ்சேரிக்கும் பொதுவான ஏரி, மூன்று வருஷம் காய்ந்து கிடந்துவிட்டு போன ஐப்பசி மழைக்குக் கரை தட்டி நின்றது. பங்குனி பிறந்ததும் ஏலம். அதற்கான பணம் பீரோவில் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மெட்ராஸிலிருந்து மைத்துனன் லோகநாதன் வந்து இறங்கினான்.

லோகநாதன், வேதாசலத்தின் மனைவி கோமளவல்லிக்குத் தம்பி. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. வந்தவன் நாஷ்டாவைக்கூட முடிக்கவில்லை, பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தான்.

“மாமா, இது ராமேஸ்வரம். இது சிலோன். நடுவுல கடல். இதுக்கு அடியில எண்ணெய் கீதுன்னு வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஆராய்ச்சி பண்ணப்போறான். அவனுக்குச் சாமான் ஏத்தி எறக்க பெரிய படகு வேணும். எங்க ஆபீஸ் ஆளுங்க பத்துப் பேர் பங்கு போட்டு ஒண்ணு வாங்கறோம். எண்ணெய் கிடைச்சிட்டா அவன் லாபத்துலயும் நமக்கு ஒரு பங்கு.”

“கடலுக்கு அடியில எண்ணெய் கீறத எவன் பார்த்தான்?” என்றாள் கோமளவல்லி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

“ஏரிக்கு அடியில மீன் கீறத எவன் பார்த்தான்?” என்றார் வேதாசலம். “வலை போட்டாதான தெரியும். நீ சொல்லு லோகு. அப்பேர்ப்பட்ட சமாச்சாரத்துக்கு என்னை மாதிரி ஆளுகிட்ட ஏன் பங்கு கேக்கறீங்க? மெட்ராஸ்ல பணக்காரங்க இல்லியா?”

லோகநாதன் கொஞ்சம் தயங்கினான். “அந்தக் கடல் யாருதுன்னு ரெண்டு சர்க்காரும் பேசிக்கினு கீறாங்க மாமா. கோடு எங்க போடறதுன்னு இன்னும் முடிவாவல. அதனால பெரிய ஆளுங்க பயப்படறாங்க. பங்கும் சல்லிசா கீது.”

தம்பி உண்மையைச் சொல்லிவிட்டானே, இனி இவர் தலையாட்டமாட்டார் என்று கோமளவல்லி நினைத்தாள். ஆனால் வேதாசலத்தின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி இன்னதென்று அவளுக்குத் தெரியும்.

“தகராறு ஏரியா!” என்றார் அவர்.

“ஏரி இல்ல மாமா, கடல்.”

“எல்லாம் தண்ணிதான்டா.”

அன்று சாயங்காலம் சின்னதம்பி வாசலுக்கு வந்தான். எடையம்பேட்டைக்கு வெளியே இருளர் குடியிருப்பில் இருப்பவன். வலை இறக்குகிற கூட்டத்துக்கு அவன்தான் தலை. வேதாசலம் அவர்களுக்குக் கூலி தருவதில்லை, பிடிக்கிற மீனில் பங்கு தருவார். வேறு எந்தக் குத்தகைக்காரரும் அப்படிச் செய்ததில்லை.

“மொதலாளி, ஏலத்துக்குப் போறோமா, இல்லியா? உள்ளூர்ல எண்ணெய்க் கப்பல் அது இதுன்னு பேசிக்கிறாங்க. தாமோதரன் மொதலாளியும் ஏலம் கேக்கப்போறாராம், ஆளு அனுப்பிக்கீறாரு, கூலிக்கு வர்றீங்களான்னு.”

“நீ இன்னா சொன்னே?”

“உங்களக் கேட்டுட்டு சொல்றேன்னேன். வெரால் ஒண்ணொண்ணும் முழங்கை நீளம் கீது மொதலாளி. நேத்து நாரை தூக்கமுடியாம கீழ போட்டுச்சு.”

வேதாசலம் தலையைச் சொறிந்தார். இருப்பது இந்த ஒரு தொகைதான். அது ஏரிக்குப் போனால் கடல் கிடையாது. கடலுக்குப் போனால் இந்த வருஷம் வலையும் கிடையாது, சின்னதம்பி கூட்டத்துக்குப் பங்கும் கிடையாது. சனிக்கிழமைக்குள் மெட்ராஸில் பணம் கட்டவேண்டும் என்றான் லோகநாதன். ஏலம் திங்கட்கிழமை.

வியாழக்கிழமை காலை அவர் பீரோ சாவியைக் கேட்டார். கோமளவல்லி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொன்னால் அவருக்குப் பிடிவாதம் கூடும். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் படித்த பாடம் அது.

“தாராளமா குடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரெண்டு ஊருக்கும் வெத்தல வெக்காம நீங்க என்னிக்காவது வலை எறக்கிக்கீறீங்களா?”

“இல்ல.”

“இந்த ஊர் சரி. அந்த ஊருக்கு யாரு வெத்தல வெச்சாங்க?”

வேதாசலம் மைத்துனனைப் பார்த்தார். லோகநாதன் சிரித்துவிட்டான். “அக்கா, அது ஊரு இல்ல. நாடு.”

“நாடுன்னா வெத்தல போட வாய் கிடையாதா?” என்றார் வேதாசலம். “அவ கேக்கறது ஞாயம்தான் லோகு.”

கோமளவல்லிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சிலோனுக்கு இவர் எங்கே போய் வெற்றிலை வைக்கப் போகிறார், விஷயம் இத்தோடு தீர்ந்தது என்று சாவியை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள். ஆனால் வேதாசலம் பளிச்சென்று எழுந்தார்.

“நம்ம தங்கவேலு கடைல சிலோன் பார்ட்டி ஒண்ணு வந்து கீதாம். பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கறாங்களாம். அந்தத் தாம்பாளத்தை எடு.”

காஞ்சிபுரத்தில் தங்கவேலுவின் பட்டுக்கடை மெத்தையில் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. பருத்தித்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஏசுதாஸ், அவர் மனைவி, கல்யாணப் பெண். சுற்றிலும் அரக்கும் மாம்பழ மஞ்சளுமாகச் சேலைகள் விரிந்து கிடந்தன. வேதாசலம் அவர்களுக்கு நடுவில் தாம்பாளத்தை வைத்தார். அது கடை உபசாரம் என்று நினைத்து ஏசுதாஸ் கையை நீட்டினார்.

“இருங்க. இன்னான்னு கேட்டுட்டு எடுங்க” என்று வேதாசலம் தடுத்தார். எடையம்பேட்டை ஏரியில் தொடங்கி, ராமேஸ்வரம் கடல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். தங்கவேலு தலையில் கை வைத்துக்கொண்டான். கல்யாணப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஏசுதாஸ் மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

“ஐயா, நான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிற ஆள். கடலைத் தாறதுக்கு எனக்கு ஆர் அதிகாரம் தந்தது?”

“அதிகாரம் வேணாங்க. அந்தக் கரையில கீற ஒருத்தர் மனசார ‘சரி’ன்னா எனக்குத் திருப்தி.”

“ஓம், எனக்கு விளங்குது.” ஏசுதாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா ஒரு புதினமான செய்தி சொல்லவேணும். என்ர மைத்துனர் ஒருத்தர் கொழும்பில இருக்கிறார். போன மாசம் அவரும் வந்து இதே கதைதான் கதைச்சவர். கடலுக்குள்ள எண்ணெய் இருக்காம், பெரிய படகு வாங்கி வாடகைக்கு விடப்போகினமாம், பங்கு சேர்க்கினமாம்.”

“எந்தக் கடல்ல?”

“நடுவில கிடக்கிறது ஒரு கடல்தானே ஐயா.”

வேதாசலம் மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் கண்ணுக்கு முன்னால் கடல் இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய ஓர் ஏரி வந்து நின்றது. அந்த ஏரியை ஓர் ஊர் அவருக்கும், மற்ற ஊர் தாமோதரனுக்கும் குத்தகை விட்டிருந்தது. அந்த இரண்டாவது ஊருக்கு வெற்றிலை வைக்கப் போனவரை, ‘நாங்க வேற ஆளுக்கு வுட்டாச்சு’ என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பேரும் வலையோடு எதிரெதிர்க் கரையில் நின்றார்கள். போலீஸ் வந்தது, கோர்ட் வந்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தபோதே ஆனி வெயிலில் ஏரி வற்றியது. மீனெல்லாம் சேற்றில் துள்ளிச் செத்தன. ஒரு வாரம் வானம் முழுக்கப் பருந்து.

அந்தக் கதையையும் அவர் சொன்னார். ஏசுதாஸுக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை தூரம் தாம்பாளத்தோடு வந்த மனிதரை ஏமாற்றத்தோடு அனுப்பக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஆறுதலாகச் சொன்னார்.

“அதுக்காக நீங்கள் யோசிக்காதையுங்கோ. மீன் எண்டா செத்துப்போகும். எண்ணெய் சாகாது. கன காலமாக் கிடக்கிறது, இன்னும் நூறு வருஷம் எண்டாலும் அங்கயே கிடக்கும்.”

“அது கிடக்குங்க, வாத்தியாரே. எனக்கு அம்பத்தாறு வயசு ஆவுதே.”

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முதலில் ஏசுதாஸ் சிரித்தார். பிறகு வேதாசலமும் சிரித்தார். கடைசியில் கடைப் பையன்கள்கூடச் சிரித்தார்கள்.

“அப்ப இந்த வெத்திலை?” என்று கேட்டார் ஏசுதாஸின் மனைவி.

“அது உங்க பொண்ணு கல்யாணத்துக்கும்மா. எடுத்துக்குங்க. அந்த அரக்குச் சேலைய வுடாதீங்க, பாப்பாவுக்கு எடுப்பா கீது.”

வீடு திரும்பியபோது லோகநாதன் பெட்டியோடு தயாராக இருந்தான். நடந்ததைக் கேட்டதும் அவனுக்குச் சுள்ளென்று வந்தது.

“பேஜாரா போச்சு மாமா. அவங்களும் படகு வாங்கினா வாங்கட்டுமே. இப்டி யோசிச்சா உலகத்துல எவனும் கப்பல் வுடமாட்டான்.”

“வுடட்டும்டா. நீ வுடு. உனக்கு முப்பது வயசு, காத்துக்கினு இருக்கலாம். நான் காத்துக்கினு இருந்தா சின்னதம்பி கூட்டம் இன்னா பண்ணும்? வெரால்தான் இன்னா பண்ணும்?”

லோகநாதன் தன் சேமிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, முறைத்தபடியே பஸ் ஏறினான். கோமளவல்லி பீரோ சாவியை எடுத்து, கேட்காமலேயே கணவன் கையில் வைத்தாள்.

ஆனால் ஏரி அத்தனை சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. திங்கட்கிழமை ஏலத்துக்குத் தாமோதரனும் வந்திருந்தார். இரண்டு ஊர்க்காரர்களும் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு, “எனக்கு எதுக்குப்பா இந்தத் தலைவலி” என்று அவர் நழுவினார். வேதாசலம் உற்சாகமாகத் தாம்பாளத்தை எடுத்தபோது கொளத்தாஞ்சேரிப் பெரியவர் வேதகிரி கையைக் கட்டிக்கொண்டார்.

“போன தடவ அவங்களுக்கு மொதல்ல நீட்டிட்டு எங்களுக்கு ரெண்டாவதா வந்தே. இந்தத் தடவ எங்களுக்குத்தான் மொதல்ல.”

“அப்டின்னா நாங்க எடுக்கமாட்டோம்” என்றது எடையம்பேட்டை.

வெயில் ஏறியது. பேச்சு அதே இடத்தில் நின்றது. சின்னதம்பி கரையில் குந்தி, வலையை அவிழ்ப்பதா மடிப்பதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வேதாசலத்துக்கு வேர்த்தது. கடலை விட்டாயிற்று, இப்போது ஏரியும் போய்விடும் போலிருந்தது. ஆற்றமாட்டாமல் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அடுத்த பஸ்ஸில் கோமளவல்லி வந்து இறங்கினாள். சங்கதியைக் கேட்டுக்கொண்டாள்.

“இவ்ளோதானா? இன்னொரு தாம்பாளம் குடுங்க. நீங்க எடையம்பேட்டைக்குப் போங்க, நான் கொளத்தாஞ்சேரிக்குப் போறேன். உச்சிகால பூசை மணி ரெண்டு ஊருக்கும் கேக்குமில்ல? மணி அடிச்சதும் ரெண்டு பேரும் நீட்டலாம். மொதல்லயும் கெடையாது, ரெண்டாவதும் கெடையாது.”

“பொம்பள வந்து குத்தகை வெத்தல குடுக்கறது எந்த ஊர் வழக்கம்?” என்று வேதகிரி முணுமுணுத்தார்.

“ஊர் தேடி வந்து ஒரு பொம்பள வெத்தல குடுத்தா வேணான்றது எந்த ஊர் வழக்கங்க, நைனா?” என்றாள் கோமளவல்லி.

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. வேதகிரியின் மனைவியே கணவனின் கையை முழங்கையால் இடித்தாள். மணி அடித்தது. இரண்டு கரையிலும் வெற்றிலை கை மாறியது.

அந்த வருஷம் மீன் அப்படி விழுந்தது. முதல் நாள் பங்கை இரண்டு கோயிலுக்கும் கூடை கூடையாக அனுப்பினார்கள். சின்னதம்பி தன் பங்கில் ஒரு சைக்கிள் வாங்கி, ஓட்டத் தெரியாமல் தள்ளிக்கொண்டே வந்து காட்டினான்.

ஆனி மாதக் கடைசியில் லோகநாதன் பேப்பரோடு வந்தான். முறைப்பு தீர்ந்திருந்தது. கடலில் கோடு போட்டு இரண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று படித்துக் காட்டினான்.

“அப்ப உன் படகு?”

“கம்பெனிக்காரன் இன்னும் வரல மாமா. வருவான். அதுவரைக்கும் சும்மா கட்டி வெக்கவேணான்னு தூத்துக்குடிலேந்து உப்பு ஏத்தறோம். வாடகை ஒழுங்கா வருது.” அவன் குரலில் பெருமைதான் இருந்தது. “பங்கு வேணும்னா இப்பவும் சொல்லுங்க.”

“உப்புக்கா? யோசிச்சு சொல்றேன்.”

கோமளவல்லி இலை போட்டுச் சோறு வைத்து, விரால் குழம்பை ஊற்றினாள். வேதாசலம் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றார்.

“கோமளா, உப்புக் கம்மி.”

“உங்க மச்சான் கப்பல்லேந்து எறக்கிக்குங்க” என்று சொல்லிவிட்டு, அவள் அவருக்கு இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தாள்.