தங்கையின் கம்பைலர்

அக்காவும் தங்கையும் ஒரே கணினி நிலையத்தில் வேலை பார்த்தார்கள். மனிதர் எழுதும் வரிகளை எந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அந்த நிலையம் உருவாக்கிய புது மொழிக்கு முதல் கம்பைலரை எழுதியவள் அக்கா. அதை அசெம்பிளியில் எழுதினாள். எடு, கூட்டு, வை, தாவு என்று எந்திரத்துக்கு ஒவ்வோர் அடியாகச் சொல்ல வேண்டும். வரிக்கு ஒன்றாக ஒன்பதாயிரம் துளை அட்டைகள், இரண்டு வருட முதுகுவலி.

தங்கையோ ஐந்தே மாதத்தில் இன்னொரு கம்பைலரை அந்தப் புது மொழியிலேயே எழுதிவிட்டாள். அக்காவுடையதில் ஒரே ஒரு தடவை ஓட்டினால் போதும். பிறகு அது தன்னைத்தானே எந்திரக் கட்டளைகளாக மாற்றிக்கொள்ளும். அக்காவின் அட்டைகளை மூட்டை கட்டிவிடலாம்.

"நான் எழுதலேன்னா அவ எதுல எழுதியிருப்பா?" என்று அக்கா கணவனிடம் பொருமினாள்.

"உன் தங்கச்சிதானே, விடு."

அதுதானே வயிற்றெரிச்சல்.

திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். தங்கையின் கம்பைலர் கன்னாபின்னாவென்று எண்களைத் துப்பியது. அச்சுத்தாளை ஒரு பார்வை பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தவறு தன்னுடையதில். அடைப்புக்குறிகள் ஏழடுக்கைத் தாண்டினால், கணக்கின் நடுவில் கிடைக்கும் விடையை வைக்க இடமில்லாமல் பக்கத்து எண்ணை அழித்துவிடுகிறது. இவ்வளவு அடுக்கி எழுத ஒருத்தி வருவாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

வாயைத் திறக்கவில்லை. மேலாளர், "ஆழம் தெரியாம காலை விட்டுட்டா" என்றபோது உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

புதன்கிழமை தங்கையின் அறைப்பக்கம் போனாள். கண்கள் வீங்கியிருந்த தங்கை, சிவப்புப் பேனாவால் தன் வரிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தாள். அத்தனையும் பிசிறில்லாத வரிகள். அடுத்ததில் பேனா இறங்கியபோது அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அதை அடிக்காத. அது சரிதான். தப்பு என்னோடதுல இருக்கு."

தங்கை நிமிர்ந்தாள். "எப்ப தெரியும்?"

"திங்கக்கிழமை."

"மூணு நாளா என்னைப் பாத்துக்கிட்டே இருந்தியாக்கா?"

அக்கா திரும்பி நடந்தாள். போய்த் தன் கம்பைலரின் நான்கு அட்டைகளை மாற்றித் துளையிட்டு வந்தாள். மாலைக்குள் தங்கையின் கம்பைலர் தன்னைத்தானே இரண்டு முறை மாற்றிக்கொண்டது. இரண்டு பிரதிகளுக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. மேலாளர் தங்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தங்கை மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காவது வாரம் தன் கம்பைலரை அச்சிட்ட ஒரு கட்டுத் தாளோடு வந்து அக்காவின் மேசையில் போட்டாள்.

"இதைவிடச் சுருக்க முடியுமான்னு பாரு. உன்னைத் தவிர யாருக்கும் இது புரியாது."

அக்கா முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை குற்றம் தேடினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. வயிறு எரியத்தான் செய்தது.

"இதுக்கு மேல சுருக்க முடியாது" என்றாள்.