கொரோஷ்காக்காரரின் கல்லறை

ஈனிட் வீட்டுக் கல்லறையில் ஒரு வெள்ளைக்காரர் படுத்திருக்கிறார் என்பது புனே பக்கத்துக் கட்கித் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாய்க்கு ஒன்பது வருஷமாகக் கிடைத்த அவல். கல்யாணத்தில் மெல்லுவார்கள், கருமாதியில் மெல்லுவார்கள், பூசை முடிந்து செருப்பைத் தேடும்போதுகூட ஒரு வாய் மெல்லுவார்கள். ஈனிட் காதில் விழுகிற மாதிரி மட்டும் யாரும் பேசியதில்லை. அந்த அளவுக்கு நல்லவர்கள்தான்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு குழி கொடுக்க இடம் கிடையாது. குடும்பத்துக்கு ஒன்றுதான். பல வருஷம் கழித்து அதையே திறந்து, பழைய எலும்புகளை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, அடுத்தவரை வைப்பார்கள். ஈனிட்டின் அப்பா முதலில் போனார். பிறகு அம்மா. கல்யாணமும் ஆகாத, கூடப்பிறந்தவர்களும் இல்லாத ஈனிட்டுக்குத்தான் மூன்றாவது முறை. அந்த முறையைத்தான் அவள் ஸ்டான்கோவுக்குக் கொடுத்தாள்.

தளேகாவில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் ஈனிட் டெலிபோன் ஆபரேட்டர். சாங்வியில் ஒற்றை அறை வீடு. தாபோடியில் லோக்கல் ரயில் ஏறினால் தளேகாவ், இறங்கினால் டெலிபோன் போர்டு, போர்டை விட்டால் மறுபடியும் லோக்கல். நாள் முழுக்க ஊரார் குரலையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து வைப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவளோடு பேச ரேடியோதான்.

தொண்ணூற்றேழில் கம்பெனிக்கு இரும்பை அழுத்தி உருக்கொடுக்கும் ஒரு பெரிய பிரஸ் பெட்டி பெட்டியாக வந்தது. ஸ்லோவீனியா என்ற நாட்டில், கொரோஷ்கா என்ற மலைப்பகுதியிலிருந்து வந்தது. அதைப் பூட்டி ஓடவிடக் கூடவே வந்தவர் ஸ்டான்கோ. ஐம்பது தாண்டியவர். விடைத்த காதுகள், கிரீஸ் போகாத நகங்கள், தட்டித் தடவி ஓர் ஆங்கிலம். சனிக்கிழமைதோறும் வீட்டுக்குப் பேசுவதற்காக ஈனிட்டின் அறைக்கு வருவார். லைன் லேசில் கிடைக்காது. அரை மணி ஆகும், சில நாள் ஒரு மணிகூட ஆகும். உண்மையைச் சொன்னால் அந்தக் காத்திருப்புதான் ஈனிட்டின் வாழ்க்கை. மற்ற ஆறு நாளும் அவளுக்குச் சும்மா.

"எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, மலை முழுக்கக் காடு" என்பார். "எங்கள் நாட்டில் மாகாணமெல்லாம் இல்லை. புள்ளிவிவரம் எடுப்பதற்காக நாட்டைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் கொரோஷ்கா ஒரு பிரிவு. கணக்கெடுக்கிறவனுக்குத்தான் அது தனி ஊர்."

"நாங்களும் அப்படித்தான்" என்றாள் ஈனிட். "கணக்கெடுக்க வருகிறவர்தான் எங்களைத் தமிழ் என்று எழுதிக்கொண்டு போவார். மற்ற நாளில் யாரும் கேட்பதில்லை."

அவர் அதற்கு வெகுநேரம் சிரித்தார். அவள் சொன்ன எதற்கும் அதுவரை யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

லைன் கிடைத்ததும் சேர்த்துவிட்டு, பேச்சு தன் காதில் விழாதபடி போர்டில் தன் சாவியைத் தூக்கிவிட்டு ஆபரேட்டர் விலகிக்கொள்ள வேண்டும். அதுதான் தொழில் ஒழுக்கம். ஈனிட் தவறாமல் விலகினாள். அவர் பேசுவது மனைவியோடு என்று அவளுக்குத் தெரியும். சுண்டு விரலைக்கூட அவர் தொட்டதில்லை, அவளும் அதற்கு இடம் கொடுத்ததில்லை. ஆனால் ஆசைக்கு இதெல்லாம் தெரியுமா என்ன?

மறு வருஷம் மழைக்கு முன்பே பிரஸ் ஓட ஆரம்பித்தது. தேங்காய் உடைத்து, பேடா கொடுத்து, அவருக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்போதுதான் அந்த மனிதர் மேனேஜரிடம் போய், இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன், பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்தச் சனிக்கிழமை வீட்டோடு பேசிய பேச்சு சட்டென்று முடிந்துபோனது. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். ஸ்டான்கோ ஜன்னல் வழியாக, முதல் மழைக்குப் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்த மலையைப் பார்த்தார், அப்புறம் ஈனிட்டைப் பார்த்தார், டீ கிடைக்குமா என்று கேட்டார். ஏன் தங்குகிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. வரவழைத்தது டீயை மட்டும்தான்.

செப்டம்பரில் ஒரு நாள் கெஸ்ட் ஹவுஸில் தூக்கத்திலேயே போய்விட்டார். மேனேஜர் கொரோஷ்காவுக்குப் பேச வேண்டும் என்றார். ஈனிட்தான் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் சாவியைத் தூக்கவில்லை. "அங்கேயே புதைத்துவிடுங்கள்" என்றது தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் அவர் மனைவியின் குரல். அதன் பிறகு மேனேஜர் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் வைக்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஈனிட்டும் வைக்கவில்லை.

மின் மயானம்தான் சுலபம் என்று ஆபீசில் பேச்சு அடிபட்டது. அதுவரை யாரிடமும் குரலை உயர்த்தாத ஈனிட் நேரே பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள்.

"எங்க குடும்பக் கல்லறையில வச்சிருங்க ஃபாதர்."

"அது உன் இடம்லாம்மா?"

"எனக்கு இப்ப என்ன அவசரம்?"

அப்படித்தான் அவர் அங்கே வந்து சேர்ந்தார். அவளும் ஞாயிறு தவறாமல் போய்ப் புல்லைப் பிடுங்கி, பூ வைத்து, அந்த வாரத்துச் சங்கதியெல்லாம் சொல்லிவிட்டு வருவாள். ஸ்டான்கோ இருந்தபோது பேசியதைவிடச் செத்த பிறகு அவரிடம் பேசியதுதான் அதிகம். எனக்காகத்தான் தங்கினாரோ? இந்தக் கேள்வியை மட்டும் அவள் கல்லறையிடமும் கேட்டதில்லை. கேட்காமல் வைத்திருந்ததால்தான் அது அவளோடு இருந்தது.

இரண்டாயிரத்து ஏழு அக்டோபரில், புதிதாக வந்திருந்த ஃபாதர் ஆண்டனி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவரு மகன் வந்திருக்கான்மா. அப்பாவை ஊருக்குக் கொண்டுபோகணுங்கான். கார்ப்பரேஷன், எம்பசி பர்மிஷன் எல்லாம் வாங்கிட்டான். ஆனா கல்லறை உங்க குடும்பத்துது. நீ சரின்னாத்தான் நான் திறக்க விடுவேன். உன் இஷ்டம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஈனிட் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். அன்றைக்கு எங்கே போனார்கள்? புதை என்றார்கள், புதைத்தோம். இப்போது வந்து எடு என்றால்? கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் இதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து நின்றான். மத்யாஷ். அதே விடைத்த காதுகள். அவள் மனப்பாடம் செய்தது பாதி அங்கேயே மறந்துபோனது.

"கல்லறையை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள். நன்றி" என்றான். பிறகு ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நவம்பர் முதல் தேதி எங்கள் ஊரே கல்லறையில்தான் இருக்கும். அவரவர் கல்லறைக்கு அவரவர் விளக்கேற்றுவார்கள். எந்தக் கல்லறையும் இல்லாதவர்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்ற வேண்டும். யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டார் ஒன்றிரண்டு பேர் அங்கே நிற்பார்கள். அவர்களோடு அம்மாவும் நிற்கிறாள். அறுபது தாண்டிவிட்டது. குளிரில் கடைசி ஆளாக வீட்டுக்கு வருகிறாள்."

ஈனிட்டின் ஊர்க்காரர்களுக்கும் இதே வழக்கம்தான். வெடிமருந்து ஃபாக்டரிக்கும் பட்டாளத்துக்கும் வந்தவர்கள், பெற்றவர்களை எங்கேயோ புதைத்துவிட்டு இங்கே பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி கொளுத்துகிறவர்கள். அவர்களைப் பார்த்து, எனக்கு அந்தக் குறையில்லை என்று அவள் நினைத்துக்கொண்டதுண்டு.

"ஒன்று கேட்கலாமா?" என்றான் மத்யாஷ். "அப்பா ஏன் திரும்பி வரவில்லை? பிரஸ் ஓட ஆரம்பித்துவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். எங்களோடு இருக்கப் பிடிக்காமல்தான் அங்கே தங்கினார் என்று அம்மா நினைக்கிறாள். அந்தக் கோபத்தில்தான் புதைக்கச் சொன்னாள். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

ஈனிட் அந்தக் காதுகளையே பார்த்தாள். போனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவளை நினைத்தாள்.

"பிரஸ் ஓடியது, ஆனால் சரியாக ஓடவில்லை" என்றாள். "உள்ளே ஒரு கோளாறு. அவருக்கு மட்டும்தான் அது தெரியும். வேலையை அரைகுறையாக விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. முடிந்தவுடன் போய்விடுவேன் என்று என்னிடமே சொன்னார்."

முழுப்பொய். அந்த பிரஸ் இன்றுவரை ஒரு நாள் நின்றதில்லை.

மத்யாஷ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "அம்மாவிடம் சொல்கிறேன்" என்றான். இத்தனை வருஷம் சோறு தண்ணீர் மாதிரி ஈனிட்டை வாழவைத்த, எனக்காகத்தான் தங்கினாரோ என்ற அந்தச் சந்தேகத்தைத் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டாள். இனி அதைத் திரும்பக் கேட்க முடியாது.

"கொண்டு போங்க" என்று தமிழில் சொன்னாள். அவனுக்குப் புரிந்தது.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் தோட்டம் முழுக்க வெளிச்சம். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று ஏற்றினாள் ஈனிட். ஸ்டான்கோவை எடுத்துப் போனபின் புதிதாக மண் போட்டு மூடிய இடம் ஈரமாகவே இருந்தது. அது மறுபடியும் அவள் இடமாகிவிட்டது. பழக்கதோஷத்தில் வாங்கிய மூன்றாவது மெழுகுவர்த்தி கையில் மிஞ்சி நின்றது. அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முழித்தாள். பிறகு பெரிய சிலுவைப் பக்கம் நடந்தாள்.

அங்கே கூட்டம் நெருக்கியடித்தது. பட்டாளத்துக்காரர் மனைவி போலிருந்தாள் ஒருத்தி, ஊருக்குப் புதிசு, இவளை யாரென்று தெரியாதவள். திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு ஊர்ல யாரு கல்லறை, அக்கா?"

"ஊர்ல இல்ல. கொரோஷ்கால."

"அது எங்க, நாகர்கோயில் பக்கமா?"

"இல்ல, ரொம்ப தூரம். மலை ஊரு."

"வீட்டுக்காரரா?"

ஈனிட் தீக்குச்சியை உரசினாள். காற்று அணைத்துவிட்டது.

"இல்லம்மா. எனக்கு அவரு மேல ஆசை இருந்துச்சு. அவருக்கு இருந்துச்சான்னு தெரியாது."

அந்தப் பெண் எரிந்துகொண்டிருந்த தன் மெழுகுவர்த்திகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"காத்து அடிக்குக்கா. இதுல பத்த வச்சு, இப்பிடி உள்ள தள்ளி வைங்க" என்றாள்.