நெல்சனின் கட்டம்

விண்டோஸ் ஓடிய பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. விசைப்படகுச் சங்கத்தார் லினக்ஸ் போட்ட புதிய பெட்டியை வாங்கி ஜானட்டின் தலையில் கட்டினார்கள். கடலுக்குப் போன படகுகளைக் காசிமேட்டு வயர்லெஸ் அறையின் திரையில் காட்டும் மென்பொருளை எழுதியவள் அவள்தானே. படகுக்கு ஒரு கட்டம். கடலில் இருந்தால் மஞ்சள், கரைக்கு வந்தால் பச்சை. வயர்லெஸ் சேதியை வாங்கும் பகுதி புதுப் பெட்டியில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. கட்டங்களை வரைவதற்குத்தான் வேறு டூல்கிட், அதாவது திரையில் வரைந்து தரும் ஆயத்த நிரல், பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டு தேறின. ஒன்று, சொன்ன இடத்தில் கட்டத்தை வைத்துவிட்டுச் சும்மா இருக்கும், பார்க்க அழுதுவடியும். பாதி வேலையில் அதை ஒதுக்கிவிட்டாள். மற்றது கட்டங்களைத் தானே அடுக்கும், கரைசேர்ந்த படகுகளை மேல்வரிசைகளுக்கு நகர்த்தும். ஜானட் சொக்கிப்போனாள். மணலிப் பக்கத்து ஆலைப் புகை கடலையும் வானத்தையும் ஒன்றாகப் பூசிவிட்டிருந்த மத்தியானம் அது. திரையில் கட்டங்கள் ஓசையில்லாமல் மிதந்து மேலேறின. எது சன்னல், எது திரை என்றே பிடிபடவில்லை. கண் செருகியது. அந்த அரைத் தூக்கத்தில் படகுகள் ஒன்றையொன்று உரசாமல், விலகி விலகி வழிவிட்டன. விழித்ததும் அதையே மாட்டிவிட்டாள்.

வெயில் தணியும்போது பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் சன்னல் வழியே திரையை எட்டிப்பார்த்தாள். அவள் மகன் நெல்சனின் படகு நேற்றே திரும்பியிருக்க வேண்டும், வயர்லெஸிலும் பேச்சில்லை. பார்த்தவள் முகம் மலரத் திரும்பிப் போனாள். ஏன் என்று கேட்க ஜானட்டுக்குத் தோன்றவில்லை, புது அழகில் அவ்வளவு மிதப்பு.

வயர்லெஸ் பிடிக்கும் கஸ்பார் டீக்குப் போய் வந்து, சிலுவையம்மாள் சோற்றுத் தூக்கோடு படகுத்துறையில் நிற்பதாகச் சொன்னார்.

ஜானட்டுக்குச் சுரீரென்றது. சிலுவையம்மாளுக்கு எழுத்து தெரியாது. இங்கே பல பெண்களும் இடத்தைப் பார்த்துத்தான் படகைக் கண்டுகொள்வார்கள். மூன்றாம் வரிசையில் சன்னலோரக் கட்டம் என்றால் நெல்சன். இப்போது அங்கே வேறு யாருடைய பச்சையோ வந்து உட்கார்ந்திருந்தது.

ஓடினாள்.

"பெரிம்மா, அந்தப் பச்ச நெல்சன் இல்ல. நான்தான் கட்டத்த மாத்திட்டேன்."

சிலுவையம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவன எங்க வெச்சிகீற?"

ஜானட்டுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அறைக்குத் திரும்பி, ஒதுக்கிவைத்த டூல்கிட்டையே எடுத்து, ஒவ்வொரு படகையும் அதனதன் பழைய இடத்தில் அறைந்து வைத்தாள். நெல்சனின் கட்டத்தைக் கடைசியாக மூன்றாம் வரிசையின் சன்னலோரத்தில் வைத்தாள். அது இன்னும் மஞ்சளாகவே எரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் சிலுவையம்மாள் வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் வரிசையைப் பார்த்தாள்.

"மஞ்சளா இருந்தா இருக்கட்டும். அவன் எடத்துல கீறான்ல."

சொல்லிவிட்டுச் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். ஜானட்டும் வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.