பதினொரு வரி எண்கள்

பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதர், ஹாலந்தில் இருந்த இன்னொரு அமெரிக்கத் தூதருக்கு எழுதிய கடிதம் அது. அமெரிக்கா புது நாடாக இருந்த காலம். இருநூறு வருடத்துக்கு முந்தைய கையெழுத்து. அமெரிக்காவில் ஒரு நூலகம் இப்படிப்பட்ட கடிதங்களை ஸ்கேன் செய்து அனுப்பும். 1999இல் திருப்பதியில், ஒரு லாட்ஜ் மாடியில் உட்கார்ந்து நாங்கள் அதை டைப் அடித்தோம். ஒரே கடிதத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். ஒத்துப்போகாத இடம் யாரோ ஒருவருடைய தப்பு.

கடிதத்தின் நடுவில் பதினொரு வரி வெறும் எண்கள். நான் அடித்தேன். அதே கடிதத்தை அடித்த கோவர்த்தனன் அவற்றை அடிக்கவில்லை.

சூப்பர்வைசர் வரதராஜன் தப்புப் படிவத்தை என் முன்னால் வைத்தார். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்ளும் படிவம், எனக்கு அது மூன்றாவது. கையெழுத்துப் போட்டால் வேலை போச்சு, சொந்த ஊர் ராமகுப்பத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

“இன்னாம்மா கல்பனா, லெட்டர்ல எவனாச்சும் நம்பரா எழுதுவானா?”

“பேப்பர்ல கீது சார்.”

“கறையும்தான் கீது. அதையும் அடிப்பியா?”

கோவர்த்தனன் சிரித்தான். “பட்டுப்புழுவுக்கு எல போட்டுக்கினு இருந்த பொண்ணு சார். எத பாத்தாலும் எண்ணும்.”

“புழுவாச்சும் முழு எலையையும் துன்னும். நீ பதினொரு வரிய மீதி வெச்சிட்ட,” என்றேன் அவனிடம்.

வரதராஜன் மேசையைத் தட்டினார். “சைன் போடும்மா.”

“வழியில கவர பிரிச்சிப் படிக்கிறாங்கன்னு போன வாரம் நாம அடிச்ச லெட்டர்ல இந்தத் தூதரே எழுதிகீறாரு சார். அதுக்குத்தான் ரகசியத்த நம்பர்ல எழுதிட்டாரு. அன்னிக்கு பிரிச்சவனுங்களாலயே அத ஒண்ணும் பண்ண முடியல. நீங்க அழிக்கப் பாக்குறீங்க.”

“எனக்கே பாடமா? போடுவியா, மாட்டியா?”

“மாட்டேன்.”

“அப்ப பொட்டிய கட்டு.”

“கட்டறேன். பதினொரு வரிய நீங்கதான் எடுக்கச் சொன்னீங்கன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்தோட.”

வரதராஜன் பேனா மூடியைக் கழற்றினார். கோவர்த்தனன் தன் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டான். வரதராஜன் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

“அமெரிக்காவுக்கு மெயில் போட்டுக் கேக்கறேன். நாளைக்கு.”

“இப்பவே போடுங்க சார். நிக்கிறேன்.”

அவர் அடித்தார். நான் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன்.

“கறைன்னு எழுதாதீங்க சார். நம்பர்னு எழுதுங்க.”

அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மெயில் போகும்வரை நான் நகரவில்லை. கையெழுத்தில்லாத படிவத்தை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, என் இடத்துக்குப் போய் அடுத்த கடிதத்தைத் திறந்தேன்.