சீயோனுக்கு எந்த எழுத்து?

சுந்தரதாஸ் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. பாறசாலையில் அவர் நடத்தும் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் 'நாளைக்குத் தாறேன்' என்று சொல்வதை விட்டுவிடுங்கள். அதையும் பொய்க்கணக்கில் சேர்த்தால் ஊரில் ஒரு கடைக்காரனும் தேறமாட்டான். ஆனால் ரேடியோ என்று வந்துவிட்டால் மனிதர் நூல் பிடித்தாற்போல் நடப்பார். அப்படிப்பட்டவரைத்தான், வீட்டிலிருந்தே ரேடியோவில் உலகத்தோடு பேசுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்களின் நெய்யாற்றின்கரை ஹாம் ரேடியோ கிளப்பின் வாட்ஸாப் குழுவில் பத்து நாளாகப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். உலகத்தின் தென்கோடியில், ஆள் குடியில்லாத ஒரு பனித்தீவுக்குச் சில வெளிநாட்டு ஹாம்கள் கப்பலில் போய்க் கூடாரம் அடித்தார்கள். மூன்று வாரம் அங்கிருந்து ரேடியோவில் பேசப்போவதாக அறிவித்தார்கள். அந்தத் தீவோடு பேசிவிட வேண்டுமென்று உலகமே முண்டியடித்தது. ஒரு சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, கொல்லயிலில் தன் வீட்டு மாடியில் இருந்த சுந்தரதாஸுக்கு அது கிடைத்துவிட்டது. லைசென்ஸோடு அரசு கொடுத்த எழுத்துகளான தன் அழைப்புக்குறியைத் தொண்டை கிழியச் சொன்னார், பதில் வந்தது, நன்றி சொன்னார். எல்லாம் அரை நிமிஷம். மறுநாள் ஒரு கிலோ ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போய் கிளப்பில் கொடுத்தார்.

சிப்ஸ் தீருவதற்குள் வினை வந்தது. தீவிலிருந்தவர்கள் தாங்கள் பேசிய ஆட்களின் பட்டியலை அன்றன்றைக்கே இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். நம் குறியைத் தட்டினால் பேசியது உண்டா இல்லையா என்று அது சொல்லிவிடும். கிளப் செயலாளர் ஜிஜின், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், எல்லார் முன்னாலும் அவருடைய குறியைத் தட்டினான். 'இல்லை' என்று சிவப்பில் வந்தது.

சுந்தரதாஸ் அசரவில்லை. கம்ப்யூட்டரை யார் நம்பினார்கள், அட்டை வரட்டும் என்றார். ஹாம்கள் பேசிய பிறகு நாளும் நேரமும் குறித்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பும் உறுதி அட்டையைத்தான் சொன்னார். அதில் ஒரு மனிதனின் கையெழுத்து இருக்கும் என்பது அவர் கட்சி. அட்டை வர இரண்டு வருஷம் ஆகும் என்பது ஜிஜினின் கட்சி. இருவர் சொன்னதும் சரிதான், அதுதான் தொல்லை.

ஏனென்றால் ஜனவரியில் கிளப் லட்சத்தீவுக்குப் போய் ரேடியோ நிலையம் போடப்போகிறது. போக இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெயர் முடிவாகும். பட்டியலில் இல்லாத தொடர்பை உண்டு என்று சொல்லுகிறவரை எப்படி அனுப்புவது என்று ஜிஜின் குழுவில் எழுதிவிட்டான். நாலு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். லட்சத்தீவு போகாவிட்டால் போகட்டும், இருபத்தாறு வருஷம் லைசென்ஸ் வைத்திருந்து கடைசியில் புளுகன் என்ற பெயரா என்று அவர் உள்ளுக்குள் நொந்துபோனார். மனைவி புஷ்பபாய்கூட ஒருநாள் சோறு விளம்பும்போது, அது அந்தத் தீவுக்காரன் சத்தம்தானா, நல்லாக் கேட்டியளா என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் அடித்த கையோடு வீட்டுக்கு வந்தார். கூட்டத்துக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பிசுபிசுத்த கையால் போனைத் தொட முடியாது. புஷ்பபாயைக் கூப்பிட்டு, நான் சொல்லச்சொல்ல நீ தட்டு என்றார். மாடியில் கத்துகிற அதே முறையில், எழுத்து மாறிக் கேட்டுவிடாமலிருக்க எழுத்துக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசி எழுத்துக்கு வந்ததும் எப்போதும்போல "சீயோன்" என்றார். இசட்டுக்கு உலகம் முழுக்க 'சூலு' என்று சொல்லுகிற இடத்தில் வேதாகமத்து வார்த்தையைச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

புஷ்பபாய் தட்டினாள். "இஞ்ச பாருங்க, பச்சையா வந்திருக்கு" என்றாள்.

நாள் சரி. நேரம் சரி. சுந்தரதாஸ் வார்னிஷ் கையாலேயே போனைப் பிடுங்கினார். குறியைப் பார்த்ததும் குழம்பினார். கடைசியில் இசட் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் இருந்தது.

"எடியே, இதென்ன எஸ் போட்டிருக்க?"

"பின்ன? சீயோனுக்கு எஸ் தானே?"

சபையில் முப்பது வருஷமாகப் பாடகர் குழுவில் சீயோன், சீயோன் என்று பாடுகிறவள். அந்த வார்த்தை இங்கிலீஷில் இசட்டில்தான் தொடங்கும், ஆனால் அவள் அதை இங்கிலீஷில் எழுதிப் பார்த்ததே கிடையாது. கேட்டபடி தட்டினாள். பனித்தீவில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரனும் கேட்டபடிதான் எழுதியிருக்கிறான்.

சுந்தரதாஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு முதலில் வந்ததா கண்ணீர் முதலில் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. பத்து நாளாக நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கிப்போனது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் பல நாட்டுக்கு அனுப்பி, 'எங்கள் பட்டியலில் இல்லை' என்று முத்திரை குத்தித் திரும்பிவந்த அட்டைகள் ஒரு கட்டு இருந்தது. திருப்பி அனுப்பியவர்களையெல்லாம் பொறுப்பில்லாதவர்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார். பாவம், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

தீவுக்காரர்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பின்லாந்துக்காரர் ஒருவருக்கு அப்போதே மின்னஞ்சல் எழுதினார். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பதில் வந்திருந்தது. அன்றைய பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தோம், நேரமும் மற்ற எழுத்துகளும் பொருந்துகின்றன, நீங்கள் சொன்ன விளக்கமும் பொருந்துகிறது, திருத்திவிட்டோம் என்று எழுதியிருந்தார். அட்டை தபாலில் வருமாம். ஒலிப்பதிவையும் இணைத்திருந்தார்.

மூன்று மணிக்கு நெய்யாற்றின்கரையில் கூட்டம். ஜிஜின் திருத்திய பட்டியலைப் பார்த்தான், ஒலிப்பதிவைப் போட்டான். கடலிரைச்சல்போல ஒரே சத்தம். அதற்குள்ளிருந்து சுந்தரதாஸின் குரல், "சீயோன், சீயோன்" என்று அலறியது. தீவுக்காரன், எஸ்ஸுக்குச் சொல்லுகிற வார்த்தையைச் சொல்லி, சியராவா என்று கேட்கிறான். சுந்தரதாஸ் சந்தோஷத்தில் "ரோஜர், ரோஜர்" என்று ஒத்துக்கொள்கிறார். கூட்டத்துக்கு வந்திருந்த பதினோரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுந்தரதாஸ்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஜிஜின் எழுந்து நின்றான். "அண்ணா, தப்பு எனக்கதாக்கும். எழுதுததுக்கு முன்ன நிங்கள ஒண்ணு விளிச்சுக் கேட்டிருக்கணும்" என்றான். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. சுந்தரதாஸ் அவன் தோளில் தட்டி, கம்ப்யூட்டர் கேட்டதைத்தான் சொன்னது, நான்தான் கேட்கும்படி சொல்லவில்லை என்றார். அட்டை வந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றும் ஒத்துக்கொண்டார்.

லட்சத்தீவுக்கு அவர் பெயரை முன்மொழிந்தவனே ஜிஜின்தான். அப்போது தங்கையன், கிளப்பிலேயே வாய் சும்மா இராத ஆள், ஒரு சந்தேகம் கேட்டார்.

"அங்க போயி இசட்டுக்கு என்ன சொல்லுவீரு?"

"சூலு" என்றார் சுந்தரதாஸ். இசட்டின் சத்தம் வரவில்லை, எல்லார் காதிலும் எஸ்தான் விழுந்தது. அவர் நாக்கை மடித்து, பல்லைக் கடித்து, மறுபடியும் முயன்றார். மறுபடியும் எஸ் போட்ட சூலுதான் வந்தது.

ஜிஜின் அவசரமாகக் கோப்பைத் திறந்து, லட்சத்தீவுக்கு என்று அரசு கொடுத்திருந்த அழைப்புக்குறியை எடுத்தான். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரல் வைத்துப் படித்தான். இசட் இல்லை.

"ரெட்சப்பட்டோம்" என்று மூச்சு விட்டு, சுந்தரதாஸின் பெயரை எழுதினான்.