மரத்தடிக்குப் போ

கையில் விசில் இருந்தால் வரதராஜுலு யாருக்கும் அஞ்சமாட்டார். ஒரகடம் பக்கத்து அரசுப் பள்ளியில் பி.டி. சார். "ஒன்பதாங்கிளாஸ் பொண்ணுங்களுக்கு உடல்நலப் பாடம் நீங்கதான் எடுக்கணும். ரெடியா சார்?" என்று தலைமையாசிரியை கேட்டதும், "ரெடி மேடம்" என்று சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்தில் கொடுத்த பயிற்சியில் பாதி நேரம் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை, மீதி நேரம் சாப்பாட்டு வரிசை. அதையெல்லாம் போய் அவரிடம் சொல்ல முடியுமா?

கரும்பலகையில் 'மாதவிடாய்' என்று எழுதுவதற்குள் வேர்த்துக் கொட்டியது. மைதானத்தில் அந்தச் சொல்லே தேவைப்பட்டதில்லை. "வயித்து வலி சார்" என்று ஒருத்தி வந்து நின்றால், "மரத்தடிக்குப் போ" என்பார். அதைத் தன் நல்ல மனசு என்றே நினைத்திருந்தார். இன்று காலை மாரிசெல்வியையும் அப்படித்தான் உட்காரவைத்தார். நாளை குறுவட்டப் போட்டி. எண்ணூறு மீட்டரில் அவளை எடுத்துவிட்டு அதே வகுப்பு நிலாவைச் சேர்த்தாயிற்று.

புத்தகத்தை மளமளவென்று வாசித்து முடித்தார். மாரிசெல்வி எழுந்தாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண்.

"சார், அந்த நாள்ல ஓடுனா ஒடம்புக்கு ஏதாவது ஆயிருமா? எனக்கு வலியே இல்ல சார். அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னா."

"ஓடக் கூடாதும்மா…"

"யாரு சார் சொன்னா? புஸ்தகத்துல இல்லையே."

யோசித்துப் பார்த்தார். அவரிடம் யாருமே சொன்னதில்லை. எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தவருக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

"எனக்குத் தெரியாதும்மா."

அவர் செல்போனை எடுத்து, சுகாதார நிலையத்து நர்ஸ் ஏலவார்குழலியை ஸ்பீக்கரில் பிடித்தார்.

"நர்சம்மா, பொண்ணுங்க… மாதவிடாய் நேரத்துல ரேஸ் ஓடலாமா?"

"தாராளமா ஓடலாம் சார். ரொம்ப வலி, ரத்தப்போக்குன்னா மட்டும் இங்க இட்னு வாங்க. இன்னா சார், இது தெரியாமயா இத்தினி நாளா பொண்ணுங்கள ஓட வெச்சிகினு இருந்தீங்க?"

"ஓட வெக்கல நர்சம்மா. உக்கார வெச்சிகினு இருந்தேன்."

போனை வைத்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"மாரிசெல்வி, நாளைக்கு நீதான் ஓடற. அம்மாகிட்ட நானே பேசறேன்."

"அப்பாடா" என்றாள் நிலா.

"அம்மா ஷிப்ட்ல இருப்பா சார்" என்றாள் மாரிசெல்வி.

"ஷிப்ட் வுடற வரைக்கும் கம்பெனி வாசல்ல நிக்கறேன்."

"அங்க வச்சும் அந்த வார்த்தையச் சொல்லுவீங்களா சார்?"

வரதராஜுலு கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்றேம்மா."